பிகோபெட்டா விட்டுச்சென்ற ஒலிகள்

மல்காஜ்கிரியிலிருந்து ஈசிஐஎல் செல்லும் பேருந்தில் ஏறுவோரில் பலருக்கு அது ஒரு நிறுவனத்தின் பெயர் என்ற நினைவே எழுவதில்லை. அது ஒரு நாற்சந்தி, கடைத்தெரு, இறங்குமிடம். அருகிலுள்ள குடியிருப்புக்கு ஏ.எஸ்.ராவ் நகர் என்று பெயர். இந்திய எலக்ட்ரானிக்ஸ் கழகம் என்ற பொதுத்துறை நிறுவனம் 1967 ஏப்ரல் 11 அன்று தொடங்கப்பட்டதும், டிராம்பே அணு ஆய்வு மையத்தின் மின்னணுப் பிரிவில் வேர்விட்டிருந்த பணியை ஏ.எஸ்.ராவ் என்ற அறிவியலாளர் ஐதராபாத்துக்குக் கொண்டுவந்து தொழிற்சாலையாக்கியதும் அந்தப் பெயர்களுக்குள் உறைந்து கிடக்கின்றன. டிராம்பேயில் வடிவமைக்கப்பட்ட டிடிசி-12 கணினி 1969இல் வெளிவந்தது. ஆய்வுக்கூடத்தின் பெயரைத் தன் பெயரிலேயே சுமந்த கணினி அது. டி என்ற முதலெழுத்து டிராம்பேயைக் குறித்தது. ஆய்வகம் ஒன்று நிறுவனத்தைப் பெற்று, நிறுவனம் ஓர் ஊரைப் பெற்ற கதை இது.

இக்கதையின் மறுமுனையில், ஊர்ப்பெயர் எதையும் விட்டுச்செல்லாத ஒரு சிறு நிறுவனம் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் நால்வர் 2001இல் தொடங்கிய பிகோபெட்டா சிம்ப்யூட்டர்ஸ். பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த நிறுவனங்களைப் பற்றிப் பேசும் மேடைகளில் இது 'தோற்ற முயற்சி' என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துபோகப்படுகிறது. அந்தத் தீர்ப்பு பாதி உண்மை. விடுபட்ட பாதி மொழியியல் துறைக்கும் மொழித் தொழில்நுட்பத்துக்கும் நேரடியாக உரியது என்பதாலேயே, இன்று புதிய நிறுவனங்கள் வளாகங்களிலிருந்து வரிசையாக வெளியேறிக்கொண்டிருக்கும் வேளையில், அதை மீண்டும் எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இவ்விரு கதைகளையும் இணைக்கும் கண்ணி ஒன்று தமிழ் வாசகருக்கு முன்பே தெரிந்ததுதான். தேர்தல் ஆணையத்துக்கு வாக்குப்பதிவு எந்திரங்களை உருவாக்கித் தரும் நிறுவனங்கள் இரண்டே: ஐதராபாத்தின் ஈசிஐஎல், பெங்களூருவின் பாரத் எலக்ட்ரானிக்ஸ். பின்னதில் எழுத்தாளர் சுஜாதா பொறியாளராகப் பணியாற்றியதும் அந்த எந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கிருந்த பங்கும் தமிழில் பலமுறை எழுதப்பட்டவை. உட்பொதி மென்பொருள் என்றால் என்ன என்று விளக்க அந்த எந்திரத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. மேசைக் கணினியைப் போல விரும்பிய நிரலை ஏற்றிக்கொள்ளும் கருவியன்று அது. ஒரே பணிக்கென எழுதப்பட்ட நிரல் சில்லுக்குள் பதிக்கப்பட்டு, கருவியின் உடலோடு ஒன்றாகிவிடுகிறது. அதைப் பயன்படுத்துபவர் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துகிறோம் என்றே எண்ணுவதில்லை. பொத்தானை அழுத்துகிறார், அவ்வளவே. அதே பாரத் எலக்ட்ரானிக்ஸ்தான் பின்னாளில் பிகோபெட்டாவின் கருவியையும் உற்பத்தி செய்தது.

1998இல் பெங்களூருவில் வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றி ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. அதன் விவாதங்களிலிருந்து எழுந்ததே சிம்ப்யூட்டர் என்ற எண்ணம். அறிவியல் கழகத்தின் கணினி அறிவியல் துறையைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டேயும் அவருடைய சகாக்களும் கூடி 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை அமைத்தனர். முன்மாதிரி 2001 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் கருவி. 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, தொடுதிரை, லினக்ஸ் இயங்குதளம், திறன் அட்டையைச் செருகும் பிளவு. ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளலாம், ஒவ்வொருவரும் தத்தம் தகவலைத் தம் அட்டையில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் உள்ளுறை. அந்த ஆண்டின் கணினித்துறைப் புதுமைகளில் முதன்மையானதாக இதை நியூயார்க் டைம்ஸ் இதழில் புரூஸ் ஸ்டெர்லிங் குறிப்பிட்டார்.

சிம்ப்யூட்டர் என்ற பெயர் எளிமை, மலிவு, பன்மொழி, மக்கள் கணினி ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளிலிருந்து புனையப்பட்டது. விமர்சகர்கள் முதலிரண்டு எழுத்துகளோடு நின்றுவிட்டனர். எளிமையாக இருந்ததா, மலிவாக விற்றதா என்ற இரு கேள்விகளே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டன. மூன்றாம் எழுத்தான பன்மொழியைப் பற்றி யாரும் கணக்குக் கேட்கவில்லை. (பிகோபெட்டா என்ற பெயரும் கவனிக்கத்தக்கது. பிகோ என்பது ஒன்றை ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு சுழிகளால் வகுத்த அளவு. பெட்டா என்பது ஒன்றுக்குப் பின் பதினைந்து சுழிகள். பேராசிரியர்கள் நிறுவனத்துக்குப் பெயர் வைத்தால் இப்படித்தான் அமையும்.)

சந்தைக் கதையை விரைவாகவே சொல்லிவிடலாம். பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த பிகோபெட்டாவின் அமிடா சிம்ப்யூட்டர் 2004 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. விலை பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகத் தொடங்கி, வண்ணத்திரை கொண்டதற்கு ஏறத்தாழ இருபதாயிரம் வரை சென்றது. கையைச் சாய்த்தால் பக்கம் புரளும் வகையில் அசைவுணரி ஒன்றும் அதில் இருந்தது. திறன்பேசிகள் அதைப் பொதுவாக்குவதற்குச் சில ஆண்டுகள் முந்தைய செய்தி இது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே களம் மாறிவிட்டது. 2003 மே மாதம் முதல் கைபேசிக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கைபேசி தந்தது. அதே ஆண்டு நோக்கியா 1100, டார்ச் விளக்கோடு, ஊர் ஊராகப் புகுந்தது. ஐம்பதாயிரம் விற்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட சிம்ப்யூட்டர் முதல் ஓராண்டில் நாலாயிரம் அளவிலேயே நின்றது. கர்நாடக நிலப் பதிவுப் பணி போன்ற அரசுப் பயன்பாடுகள் சில கிடைத்தன. ஒரு தொழிலைத் தாங்கி நிறுத்த அவை போதவில்லை. பிகோபெட்டா பின்னர் மும்பையின் ஜியோடெசிக் நிறுவனத்தோடு இணைந்தது.

ஈசிஐஎல்லோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு துலங்குகிறது. ஈசிஐஎல்லின் பின்னால் அணுசக்தித் துறை இருந்தது. உலைகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் பிறகு வாக்குப்பதிவு எந்திரங்களையும் வாங்க அரசு இருந்தது. அதன் கணினிகள் சந்தையில் பின்தங்கிய பின்னும் நிறுவனம் நிலைத்ததற்கு அந்த நிரந்தர வாடிக்கையாளரே காரணம். பிகோபெட்டா எந்த ஏழை வாடிக்கையாளரை மனத்தில் வைத்துக் கருவியை வடிவமைத்ததோ அவரிடம் வாங்கும் பணம் இல்லை. அவருக்காக வாங்கித் தரவேண்டிய அரசோ பெருமளவில் வாங்கவில்லை. 'கைபேசி கொன்றது' என்ற விளக்கம் வசதியானது. கொள்முதல் மேசையில் நேர்ந்த மௌனத்தை அது மறைத்துவிடுகிறது.

இனி அந்த மூன்றாம் எழுத்து.

எழுதப் படிக்கத் தெரியாதவர் பயன்படுத்த வேண்டிய கருவி என்றால், அது பேசியாக வேண்டும். சிம்ப்யூட்டருக்கென 'த்வனி' என்ற பேச்சொலி மென்பொருளை ரமேஷ் ஹரிஹரன் உருவாக்கினார். எழுத்தை வாங்கி ஒலியாக்கும் நிரல் அது. முழுச் சொற்களைப் பதிவுசெய்து வைக்க அந்தச் சிறு கருவியில் இடமில்லை. தொடக்க வடிவின் நினைவகம் 32 எம்பி மட்டுமே, வன்தட்டு கிடையாது. ஆகவே உயிர், மெய், உயிர்மெய் என்ற அளவிலான சிறு ஒலித்துண்டுகளைக் குரலில் பதிந்து, கைபேசி வலையமைப்பில் பயன்படும் ஜிஎஸ்எம் முறையில் சுருக்கி, வேண்டியபோது அவற்றைக் கோத்துச் சொல்லாக்கும் வழி மேற்கொள்ளப்பட்டது. இந்திய எழுத்துமுறைகளில் எழுத்துக்கும் ஒலிக்கும் ஏறத்தாழ நேர்த்தொடர்பு உண்டு என்ற அனுமானத்தின் மேல் நின்ற வடிவமைப்பு. ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட பெரும் நிரல்களை அப்படியே குறுக்கி அடைக்க முயலாமல், எழுத்துமுறையின் இயல்பிலிருந்தே பொறியியல் தீர்வைத் தேடியது இம்முயற்சியின் அழகு.

மொழியியல் மாணவர் இந்த அனுமானத்தைக் கேட்டவுடன் புன்னகைப்பார். இந்தியில் 'ராம' என்று எழுதி 'ராம்' என்று படிப்பார்கள். சொல்லிறுதி அகரம் எழுத்தில் இருக்கும், வாயில் இருக்காது. தமிழில் சிக்கல் வேறு திசையிலிருந்து வருகிறது. 'கல்', 'பங்கு', 'பகல்' என்ற மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலிகள் மூன்று. சொல்முதலில் ஒலிப்பிலா வெடிப்பொலி, மெல்லினத்தின் பின் ஒலிப்புடையது, உயிர்களுக்கு நடுவில் உரசொலிச் சாயல். இதுவரை விதி எழுதிவிடலாம். நிரலுக்கு நான்கைந்து வரிகள். 'காந்தல்' என்ற சொல்லையும் 'காந்தி' என்ற பெயரையும் அடுத்தடுத்து வைத்தவுடன் அந்த விதி உடைகிறது. எழுத்து வடிவில் இரண்டின் தொடக்கமும் ஒன்று. பின்னதைத் தமிழர் பலரும் ஒலிப்புடைய ககரத்தோடுதான் சொல்கிறார்கள். 'பல்', 'பஸ்', 'தலை', 'தர்மம்', எழுத்தைப் பார்த்து மட்டும் இவற்றைப் பிரிக்க வழியில்லை. சொற்பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை யாரோ ஒருவர், பெரும்பாலும் பெயர் வெளியே வராத ஓர் ஆய்வு மாணவர், சொல் சொல்லாக உட்கார்ந்து ஆக்கித்தர வேண்டும். எண்களையும் தேதிகளையும் படிப்பது இன்னொரு தலைவலி. '1967இல்' என்பதைத் தமிழில் வாசிக்க எண்ணையும் வேற்றுமை உருபையும் புணர்த்தி 'அறுபத்தேழில்' என்று முடிக்கத் தெரிய வேண்டும்.

அதற்கும் மேலே இரட்டை வழக்கு. கிராமத்து உழவருக்கு 'நெல் விலை குறைந்துள்ளது' என்று கருவி சொன்னால் அவருக்குப் புரியும். ஆனால் அது வானொலிச் செய்தியைக் கேட்கும் புரிதல். 'வெல கொறஞ்சிருக்கு' என்று சொல்ல வேண்டுமானால் எந்த வட்டார வழக்கில் என்ற கேள்வி உடனே எழும். உள்ளங்கைக் கருவிக்குள் இருந்த சிறு நிரல் மொழியியலின் பெரிய கேள்விகளை இவ்வாறு தன்னோடு இழுத்துக்கொண்டு வந்தது.

இங்கேதான் வரலாறு எதிர்பாராத வகையில் திரும்புகிறது. த்வனி கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிடப்பட்டிருந்தது. கருவி சந்தையை விட்டுப் போனபின்னும் நிரல் பொதுவெளியில் கிடந்தது. கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் அதை எடுத்து வளர்த்தார். தன்னார்வலர்களின் கைகளில் மலையாளம், தெலுங்கு, வங்காளம், தமிழ் எனப் பல மொழிகள் அதில் சேர்ந்தன. சிம்ப்யூட்டரைத் தொட்டே பார்த்திராத தலைமுறை ஒன்று தன் மேசைக் கணினியில், பார்வையற்ற நண்பருக்காகவோ வெறும் ஆர்வத்தாலோ, அதன் குரலைக் கேட்டது. இன்றைய நரம்பு வலையமைப்புக் குரல்களுக்கு முன் த்வனி கரகரப்பாகவே ஒலிக்கும். ஆனால் ஒரு மாணவர் அதைத் திறந்து, ஒலித்துண்டு எங்கே வெட்டப்பட்டது, எந்த விதி எங்கே பிழைக்கிறது என்று வரி வரியாகப் படிக்க முடிந்தது. அதனினும் இனிய குரல்கள் பலவற்றில் இன்று அவ்வாறு படிக்க முடியாது.

நிறுவனர்கள் வன்பொருளுக்கும் இதுபோன்ற ஏற்பாடு செய்ய முயன்றதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சிம்ப்யூட்டர் பொது உரிமம் என்ற ஒன்றை வகுத்தனர். உரிமக் கட்டணம் செலுத்தி எவரும் கருவியை உற்பத்தி செய்யலாம். வளரும் நாட்டு நிறுவனத்துக்கு 25,000 டாலர், வளர்ந்த நாட்டு நிறுவனத்துக்கு அதைப்போல் பத்து மடங்கு. செய்த மேம்பாடுகளைச் சிறிதுகாலம் தனக்கென வைத்துக்கொண்டு பின்னர் அறக்கட்டளைக்குத் திருப்பித்தர வேண்டும். திறந்த வன்பொருள் என்ற பேச்சே அரிதாயிருந்த காலத்தில் எழுதப்பட்ட ஆவணம் இது. அந்த உரிமத்தால் கருவி விற்றுவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் விற்காமல் போனதற்கு அந்த உரிமம் காரணம் என்று சொல்வோர் அதற்குச் சான்று எதையும் தருவதில்லை.

அதே நான்கு பேராசிரியர்கள் ஸ்ட்ராண்ட் ஜினோமிக்ஸ் என்ற உயிர்த்தகவலியல் நிறுவனத்தையும் 2000இல் தொடங்கினார்கள். அது நிலைத்தது, வளர்ந்தது, 2021இல் ரிலையன்ஸ் குழுமத்தின் கைக்குச் சென்றது. வணிகப் பள்ளிகளின் அளவுகோலில் ஸ்ட்ராண்ட் வெற்றி, பிகோபெட்டா தோல்வி. ஒரு பல்கலைக்கழகம் அதே அளவுகோலை எடுத்துக்கொள்வது ஏன் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. பங்கு விற்ற தொகையைக் கணக்கிடும் முதலீட்டாளருக்கு அது போதும். பொதுப்பணத்தில் இயங்கும் வளாகம், வெளியே போன அறிவில் எவ்வளவு வகுப்பறைக்குத் திரும்பி வந்தது என்பதையும் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கில் பிகோபெட்டாவின் நிலை அவ்வளவு மோசமில்லை.

சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சகாக்களும் வளர்த்த டெனெட் குழு வேறொரு வழியைக் கையாண்டது. முன்னாள் மாணவர்கள் நிறுவனம் தொடங்க, பேராசிரியர்கள் வளாகத்திலேயே இருந்து அவர்களோடு பணியாற்றினர்; மிடாஸ் நிறுவனமும் கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி முறையும் அப்படி வந்தவை. இன்று அதே வளாகத்தின் சக்தி செயலித் திட்டத்திலிருந்து இன்கோர் செமிகண்டக்டர்ஸ் கிளைத்திருக்கிறது. சக்தியின் வடிவமைப்பு திறந்த உரிமத்தில் பொதுவில் இருக்கிறது. மொழித்துறையில் ஏஐ4பாரத் குழுவோடு தொடர்புடைய இருவர் 2023இல் சர்வம் நிறுவனத்தைத் தொடங்கினர். ஏஐ4பாரத் தன் தரவுகளையும் மாதிரிகளையும் பெருமளவில் திறந்தே வெளியிடுகிறது. நல்ல எடுத்துக்காட்டுகள் இல்லாமலில்லை. ஆனால் அவை அந்தந்தக் குழுவினரின் மனப்பாங்கைச் சார்ந்து நிற்கின்றன. த்வனி தப்பியதும் ஒருவகையில் அப்படித்தான்: அதை எழுதியவர் திறந்து வைக்க விரும்பினார், திறந்து வைத்தார்.

மனப்பாங்கு மாறும், பேராசிரியர் ஓய்வு பெறுவார், நிறுவனம் கைமாறும். மொழித் தரவின் தன்மையோ சில்லின் வரைபடத்திலிருந்து வேறுபட்டது. வரைபடத்தைப் பொறியாளர் ஆக்குகிறார். பேச்சுத் தரவில் இருப்பது ஊர்ச்சாவடியில் அமர்ந்து ஒலிவாங்கியின் முன் பேசிய மனிதரின் குரல். அதைக் கேட்டு எழுத்தாக்கிய மாணவரின் செவி. ஒலிப்பு விதியைக் கண்டுசொன்ன ஆய்வாளரின் பயிற்சி. இவற்றைச் சேகரித்த திட்டத்துக்குப் பணம் தந்தது பெரும்பாலும் அரசு. அந்தச் சேகரம் தனியார் நிறுவனத்தின் பூட்டிய கிடங்குக்குள் சென்று, நிறுவனம் மூன்றாண்டில் மூடப்பட்டால், இழப்பு முதலீட்டாளருக்கு மட்டும் உரியதன்று. படுகர் மொழியின் ஒலிப்பதிவு ஒன்று அப்படிக் காணாமற்போனால் அதே குரல்களோடு அதை மறுபடி பதிவுசெய்ய எப்போதும் இயலுவதில்லை.

தனியுரிமை இல்லாவிட்டால் முதலீடு வராது என்ற மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. செயலி, இடைமுகம், சேவை, வாடிக்கையாளருக்கென வடித்த மாதிரி ஆகியவற்றில் நிறுவனம் தனியுரிமை வைத்துக்கொள்ளட்டும். சிம்ப்யூட்டர் உரிமம் வழங்கியதைப் போன்ற ஒரு முன்னுரிமைக் காலத்தையும் தரலாம். பொதுப்பணத்தில் ஆக்கிய ஒலித்துண்டுகள், உச்சரிப்பு அகராதி, குறியிட்ட தரவகம் ஆகியவற்றை நிறுவனப் பதிவுக்கு முன்பே வளாக நூலகத்தில் திறந்த உரிமத்தோடு வைப்பது வேறு செய்தி. அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு பத்தி போதும். குரல் தந்தவர்களின் ஒப்புதல் எதற்குப் பெறப்பட்டதோ அதற்கு மேல் அது நீளாது என்பதும், தரவை ஆக்கிய திட்ட உதவியாளர்களின் பெயர்கள் தரவோடு கூடவே செல்லும் என்பதும் அதே பத்தியில் இடம்பெற வேண்டும். இரண்டாவதை அற்பமென எண்ணுபவர்கள், முனைவர் பட்டத்துக்குப் பின் வேலை தேடும் மொழியியல் மாணவர் தன் மூன்றாண்டு உழைப்பைத் தன்விவரக் குறிப்பில் எப்படி எழுதுகிறார் என்று ஒருமுறை வாங்கிப் பார்க்கலாம்.

கல்விக்குழுக் கூட்டங்களில் புத்தாக்கக் கொள்கை என்ற பெயரில் இத்தகைய ஒப்பந்தப் படிவங்கள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. பொறியியல் துறையினரும் நிதிப்பிரிவினரும் அவற்றைப் படித்துத் திருத்துகிறார்கள். மொழித்துறையின் இருக்கை அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் காலியாக இருக்கிறது.